பாடவும் பிரசங்கிக்கவும் வராதவருக்கு வரம் இல்லையா?

யாழ்ப்பாணத்துச் சபையொன்றில் நீண்டகாலமாக அங்கத்தவராக இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சாரம் இது. அவருக்குப் பாட வராது. பலர் முன்னிலையில் எழுந்து சத்தமாக ஜெபிப்பதற்கும் கூச்சம். சபையின் கணக்கை எழுதி வைக்கிறார். மரண வீடுகளுக்கும் நோயாளிகளிடமும் போய் அவர்களோடு சிறிது நேரம் இருந்துவிட்டு வருகிறார். எழுப்புதல் கூட்டம் ஒன்றில் "உங்கள் வரம் என்ன?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்டபோது, சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் தலைகுனிந்து நின்றதாக எழுதியிருக்கிறார். தாம் செய்பவற்றையும் வரங்கள் என்று எண்ணலாமா, அப்படி எண்ணினால் அது பெருமையாகிவிடாதா என்பன அவருடைய இரண்டு கேள்விகள்.

சகோதரி, முதலாவது கேள்விக்கு என் பதில், ஆம், அவை வரங்களே. இரண்டாவதற்கு, தரப்பட்டதை அதன் உரிய மதிப்பில் ஏற்றுக்கொள்வதை வேதாகமம் எங்கும் பெருமை என்று சொல்லவில்லை என்பதே பதில். ஆனால் இந்த இரண்டு வரிகளோடு நிறுத்திவிட்டால் உங்கள் மனப்பாரம் தீராது என்று அறிவேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் தாழ்வெண்ணம் உங்களிடம் மட்டும் தோன்றிய ஒன்றல்ல. நமது யாழ்ப்பாணச் சமூகம் கல்வியையும் சொல்வன்மையையும் மிக உயரத்தில் வைத்துப் போற்றிய சமூகம். நல்ல குரலும் தெளிவான உச்சரிப்பும் உள்ள பிள்ளை சிறு வயதிலேயே ஞாயிறு பாடசாலையில் முன்னுக்கு நிறுத்தப்படுகிறது. பின்னால் நின்று கதிரைகளை அடுக்கிய பிள்ளையை ஒருவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பின்னாளில் அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், குணமாக்கும் வல்லமை ஆகியவற்றை முதன்மைப்படுத்தும் கூட்டங்கள் பெருகியபோது, வரம் என்றாலே கேட்போர் வியக்கத்தக்க ஒன்று என்ற எண்ணம் மேலும் உறுதிப்பட்டது. அந்த வரங்களை நான் மறுக்கவில்லை, சபைகளுக்கு நிருபங்கள் எழுதிய அப்போஸ்தலன் பவுலும் மறுக்கவில்லை. அவற்றை மட்டுமே வரமென்று கொள்வதுதான் வேதத்தோடு பொருந்தாதது.

புதிய ஏற்பாட்டில் வரங்களைப் பற்றிப் பேசும் முக்கியமான இடங்கள் ரோமர் 12, 1 கொரிந்தியர் 12, எபேசியர் 4, 1 பேதுரு 4 ஆகிய அதிகாரங்கள். இவற்றில் எந்த இரண்டு பட்டியல்களும் ஒன்றுபோல் இல்லை என்பதிலிருந்தே, எதுவும் முற்றான பட்டியல் அல்ல என்பது விளங்கும். 1 கொரிந்தியர் 12:28 ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். குணமாக்கும் வரங்களுக்கும் பலவித பாஷைகளுக்கும் நடுவிலே "ஊழியங்களையும், ஆளுகைகளையும்" என்ற இரண்டு சொற்கள் அமைதியாக இருக்கின்றன. பிறருக்குத் துணைநின்று உதவுவதும், ஒரு காரியத்தை ஒழுங்காக நிர்வகிப்பதும் அற்புதங்களோடு ஒரே வரியில், ஒரே தேவனால் சபையிலே ஏற்படுத்தப்பட்டவையாகச் சொல்லப்படுகின்றன. ரோமர் 12:8 இல் பகிர்ந்து கொடுப்பதும் இரக்கம் செய்வதும் வரங்களாக எண்ணப்படுகின்றன. பேதுருவோ இன்னும் சுருக்கமாக, போதிப்பவர், உதவிசெய்பவர் என்று இரு வகையாக மட்டுமே பிரித்து, உதவிசெய்பவரும் தேவன் தரும் பெலத்தினாலேயே செய்கிறார் என்கிறார். உங்கள் இரண்டு பணிகளும் இந்தப் பட்டியல்களின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவை அல்ல, அவற்றின் உள்ளேயே இருப்பவை.

பவுல் இதைச் சொல்வதற்குத் தேர்ந்தெடுத்த, சபையை ஓர் உடலுக்கும் அங்கத்தவர்களை அதன் அவயவங்களுக்கும் ஒப்பிடும் சரீர உவமையில், நாம் பெரும்பாலும் கவனியாமல் கடந்துபோகும் ஓர் ஆழம் உண்டு. ஒரு நகரத்தையோ நாட்டையோ உடலுக்கு ஒப்பிடுவது அக்காலத்து உரோம உலகில் பழகிப்போன பேச்சு. உரோமப் பொதுமக்கள் உயர்குடியினருக்கு எதிராக நகரத்தை விட்டு வெளியேறியபோது, மெனேனியஸ் அக்ரிப்பா என்பவர் அவர்களிடம் சென்று, வயிற்றுக்கு எதிராகக் கைகளும் வாயும் பற்களும் கலகம் செய்து கடைசியில் தாமே மெலிந்துபோன கதையைச் சொல்லித் திருப்பி அழைத்து வந்தார் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அங்கே அந்த உவமை, கீழே இருப்பவர்கள் தங்கள் இடத்திலேயே அடங்கி இருக்க வேண்டும் என்பதற்காகப் பயன்பட்டது. பவுல் அதே உவமையை எடுத்து, அதன் திசையை மாற்றிவிடுகிறார். பலவீனமாய்க் காணப்படுகிற அவயவங்களே மிகவும் வேண்டியவை என்றும், கனவீனமாய் எண்ணப்படுகிறவற்றுக்கே அதிக கனத்தைக் கொடுக்கிறோம் என்றும் எழுதுகிறார். கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்ற எச்சரிக்கை மேடையில் இருப்பவர்களுக்கானது. அதற்கு முன்னரே அவர் இன்னொரு எச்சரிக்கையையும் வைத்திருக்கிறார்: நான் கையல்லவே, ஆகையால் நான் சரீரத்தைச் சேர்ந்ததல்ல என்று கால் சொல்லக்கூடாது. சகோதரி, கூட்டத்தில் தலைகுனிந்து நின்றபோது உங்கள் மனம் சொன்னது காலின் அந்தப் பேச்சைத்தான். பவுல் அதை மனத்தாழ்மை என்று பாராட்டவில்லை. தவறு என்றே காட்டித் திருத்துகிறார்.

இதே நிருபத்தில் "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது எது?" என்றும் அவர் கேட்கிறார். பெருமை கொள்பவரைக் கடிந்துகொள்ளும் கேள்வி இது. தம்மிடம் ஒன்றுமில்லை என்று சொல்பவருக்கும் இது பொருந்தும் என்பது என் துணிபு. பெற்றுக்கொண்டதைத் தன்னுடையதென்று சொல்வதும், பெற்றுக்கொண்ட பின்னர் பெறவில்லை என்று சொல்வதும் தந்தவரை மறைப்பதில் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. எஜமான் ஒருவர் பயணம் போகுமுன் தம் ஊழியக்காரரிடம் பணத்தை ஒப்புவித்துச் சென்றதாக இயேசு சொன்ன தாலந்து உவமையில், ஒரு தாலந்து வாங்கியவனை நாம் ஏழைபோல நினைத்துக்கொள்கிறோம். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 வெள்ளிப் பணம். ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம் ஒரு வெள்ளிப் பணமாக இருந்த காலத்தில், அது ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பின் பெறுமதி. அவன் கையில் கொடுக்கப்பட்டது சிறியதல்ல. மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது, அவ்வளவுதான். அவன் மண்ணைத் தோண்டிப் புதைத்ததற்குச் சொன்ன காரணமும் கவனிக்கத்தக்கது: எஜமான் கடினமானவர் என்று பயந்தேன் என்றான். தன் வரத்தை மதியாதவரின் உள்ளத்தில் பல வேளைகளில் இந்தப் பயமே இருக்கிறது; அது தாழ்மையின் உடையை அணிந்து வருவதால் நாம் அடையாளம் காண்பதில்லை.

அப்படியானால் எல்லை எது? ரோமர் 12 வரங்களின் பட்டியலைத் தொடங்குமுன், தன்னைக்குறித்து எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல் தெளிந்த எண்ணமுள்ளவனாய் எண்ண வேண்டும் என்கிறது. தெளிந்த எண்ணம் என்பது உள்ளதை உள்ளபடி கூறுவது. கணக்காளராகிய நீங்கள் இதை என்னைவிட நன்றாக அறிவீர்கள்: வரவைக் கூட்டி எழுதுவது குற்றம், குறைத்து எழுதுவதும் குற்றமே.

இனி, நீங்கள் செய்யும் இரண்டு பணிகளைப் பற்றித் தனித்தனியே சொல்ல வேண்டும். முதலில் கணக்கு. எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியா, அகாயா சபைகளில் சேர்த்த பணத்தைப் பவுல் தனியே தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. 2 கொரிந்தியர் 8 இல், தம் உடன்வேலையாளாகிய தீத்துவோடு வேறு இரு சகோதரரையும் அனுப்புவதாகவும், அவர்களில் ஒருவர் சபைகளாலேயே தெரிந்தெடுக்கப்பட்டவர் என்றும், இந்தத் தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாக நடப்பதாகவும், கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுவதாகவும் எழுதுகிறார். அப்போஸ்தலனுடைய பெயர் கெடாமல் காத்தது அந்த ஒழுங்கு. நமது சபைகளில் திருப்பணிக்கென்றும், வறிய பிள்ளைகளின் படிப்புக்கென்றும் வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் அனுப்பும் பணம் சிறிதல்ல. ஒரு பற்றுச்சீட்டு தவறினால், எத்தனை ஆண்டு நட்பு உடைந்துபோகிறது என்பதை இங்கு எல்லோரும் பார்த்திருக்கிறோம். சந்தேகத்துக்கு இடமில்லாத கணக்கு, சபை சமாதானமாக இருப்பதற்கான காரணங்களில் ஒன்று. அதை எழுதும் கைக்கு வரம் இல்லை என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது, துயரப்படுவோரோடு இருப்பது. இதைப்பற்றி நான் அதிகமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இன்றைய யாழ்ப்பாணத்துக்கு இதைவிட அவசரமாக வேண்டப்படும் வரம் எது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் எல்லோரும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே வாழும் வயோதிபர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்கு மரணச் சடங்கும் செய்ய முடியாமல், திரும்பி வருவான் என்று சொல்லவும் முடியாமல் காலம் கழிக்கும் தாய்மார் இருக்கிறார்கள். போரில் கணவனை இழந்து பிள்ளைகளை வளர்த்தெடுத்த பெண்கள் தங்கள் களைப்பைச் சொல்ல ஆளில்லாமல் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பிரசங்கம் கிடைக்கிறது. கைபேசியில் நாள்தோறும் வசனமும் பாட்டும் வந்து சேர்கின்றன. அருகில் அமர்ந்து, அவசரப்படாமல், பதில் சொல்ல முந்தாமல் கேட்கிற ஒருவர் கிடைப்பதுதான் அரிது. யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் சிறந்தது அதுவே, வாய் திறந்த பின்னரே தவறினார்கள். சபையிலே எழுந்து பேசக் கூச்சப்படும் உங்கள் இயல்பு, மரண வீட்டிலே ஒரு பெரும் நன்மையாக மாறுகிறது என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? பேசத் தெரிந்த பலர் அங்கே தேவையற்றதைப் பேசிவிடுகிறார்கள்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, பாடசாலைகளும் ஆலயங்களும் தங்குமிடங்களாயின. அந்த நாட்களில் சமைக்கத் தெரிந்தவர், தண்ணீர் தேடித் தந்தவர், குடும்பங்களின் விவரங்களை ஒழுங்காக எழுதி நிவாரணம் சமமாகச் சேரச் செய்தவர், அழுத பிள்ளையை வாங்கித் தூங்க வைத்தவர் ஆகியோரே சபையைத் தாங்கினார்கள். நெருக்கடி வரும்போது வரங்களின் வரிசை தானாகவே மாறிவிடுகிறது. நெருக்கடி தீர்ந்ததும் நாம் பழைய வரிசைக்குத் திரும்பிவிட்டோம் என்பதே என் வருத்தம்.

தங்கள் வரத்தை இன்னதென்று அறிந்து, அதற்கே தங்களைக் கொடுத்தவர்களை இந்த மண்ணின் கிறிஸ்தவ வரலாற்றிலும் காண்கிறோம். 1847 இல் அமெரிக்க மிஷனரியாக இங்கு வந்து மானிப்பாயில் பணிசெய்த வைத்தியர் சமுவேல் பிஸ்க் கிறீன், 60 க்கும் மேற்பட்ட நம்மவர்களை மேலைத்தேய வைத்தியத்தில் பயிற்றினார். 1864 முதல் அதைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். ஆங்கிலம் உத்தியோகத்துக்கு வழியென்று எண்ணப்பட்ட காலத்தில், கிராமத்து மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே வைத்தியர் வேண்டும் என்று நின்றார். தம் கல்லறையில் தம்மைத் தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர் என்றே குறிக்க விரும்பினார். மருத்துவத்தை நற்செய்தி வேலைக்கு ஒரு துணைக்கருவியாக மட்டும் அவர் கருதவில்லை என்பதை இதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன். எலைசா அக்னியூ அம்மையார் அமெரிக்காவிலிருந்து 1840 இல் வந்து, உடுவில் பெண்கள் பாடசாலையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கற்பித்து, தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பாமல் 1883 இல் மானிப்பாயில் மறைந்தார். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரை அழைத்தார்கள். படித்து வெளியேறிய மாணவிகளை அவர்களுடைய வீடுகளுக்கே தேடிச் சென்று சந்திப்பது அவருடைய வழக்கம். நீங்கள் செய்துவரும் சந்திப்புப் பணி அந்தப் பழைய தடத்தில்தான் இருக்கிறது.

பெயர் அறியப்பட்டவர்களை மட்டும் சொல்வது நியாயமாகாது. 1841 இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியபோது அதன் ஆசிரியர்களாக இருந்தவர்களின் பெயர்களைப் பாடசாலையில் படிக்கிறோம். அச்சகத்தில் ஒவ்வோர் எழுத்தாகக் கோத்தவர்களை யார் நினைக்கிறோம்? பவுல் இந்த விடயத்தில் நம்மைவிடப் பெருந்தன்மை உள்ளவர். ரோமருக்கு எழுதிய நிருபத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு, 16 ஆம் அதிகாரத்தில் தன் பெயரைச் சொல்லித் தானே வாழ்த்துகிறான். அதே அதிகாரத்தில் சபையாருக்கு ஆதரவாயிருந்த பெபேயாளும், வீட்டைத் திறந்துகொடுத்த காயுவும், பட்டணத்து உக்கிராணக்காரனாகிய (பொருளாளனாகிய) ஏரஸ்துவும் இருக்கிறார்கள். அந்த அதிகாரத்தைப் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிச் செல்பவர்களைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மதிப்பது என்பது உள்ளத்தில் ஒரு எண்ணத்தை மாற்றிக்கொள்வதோடு முடிந்துவிடுவதில்லை. தம் இளம் உடன்ஊழியராகிய தீமோத்தேயுவுக்குப் பவுல் முதலில் "உன்னிலிருக்கிற வரத்தைப்பற்றி அசதியாயிராதே" என்றும், பின்னர் அதை அனல்மூட்டி எழுப்பிவிடு என்றும் எழுதுகிறார். அப்படியானால் கவனிப்பும் பயிற்சியும் வேண்டும். துயருற்றவர்களைச் சந்திப்பவர் உளவளத்துணை பற்றிய அடிப்படைப் பயிற்சியைத் தேடிப் பெறுவது விசுவாசக் குறைவு ஆகாது. எந்த வேளையில் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிவதும், கேட்டதை வேறொரு வீட்டில் சொல்லாதிருப்பதும் இந்த வரத்தின் உறுப்புகள். எல்லோரும் எல்லோருக்கும் உறவினராக இருக்கும் நமது ஊர்களில், இரகசியம் காப்பது அருமையான ஒழுக்கம். ஒருமுறை தவறினால் அந்தக் கதவு பின்னர் திறக்காது. இரக்கம் செய்கிறவர் உற்சாகத்துடனே செய்யக்கடவர் என்று பவுல் குறிப்பிட்டுச் சொன்னதற்கும் காரணம் இருக்கும் என்றே நினைக்கிறேன்: பிறருடைய துயரத்தை நாள்தோறும் சுமப்பவர் மெல்ல மெல்ல உள்ளே வாடிப்போவார். ஆகவே சந்திப்புகளுக்கு இடையே ஓய்வு எடுங்கள். அழைத்த இடத்துக்கெல்லாம் அன்றே ஓட வேண்டியதில்லை. பாடகர் குழுவில் ஆள் குறைகிறது, வந்து நில்லுங்கள் என்று கேட்டால், அன்போடு மறுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொள்பவர் தம் வரத்துக்கு நேரம் கொடுக்க முடியாது.

சபையும் தன் பங்கைச் செய்ய வேண்டும். இஸ்ரவேலர் வனாந்தரப் பயணத்தில் கொண்டுசென்ற வழிபாட்டுக் கூடாரமாகிய ஆசரிப்புக் கூடாரத்தைச் சுமக்கும் பணி, அதன் ஊழியத்துக்கென்று பிரிக்கப்பட்ட லேவி கோத்திரத்தின் மூன்று வம்சங்களாகிய கோகாத், கெர்சோன், மெராரி புத்திரருக்குள் பகிரப்பட்ட விதம் எண்ணாகமத்தில் உள்ளது. கோகாத் புத்திரர் பரிசுத்த பணிமுட்டுகளைத் தோளில் சுமந்தார்கள். மெராரி புத்திரருக்குப் பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், பாதங்கள், முளைகள், கயிறுகள் ஒப்புவிக்கப்பட்டன. வண்டில்களைப் பங்கிட்டபோது மோசே கெர்சோன் புத்திரருக்கு இரண்டு வண்டில்களும் நான்கு மாடுகளும், மெராரி புத்திரருக்கு நான்கு வண்டில்களும் எட்டு மாடுகளும் கொடுத்தார். அவரவர் வேலைக்குத்தக்கதாகக் கொடுத்தார் என்று வேதம் சொல்கிறது. கண்ணுக்குக் கவர்ச்சியில்லாத பாரச் சுமையே அதிக வளத்தைப் பெற்றது. ஒலிபெருக்கிக்கும் இசைக்கருவிக்கும் வரவு செலவில் இடம் ஒதுக்கும் ஒரு சபை, நோயாளியைச் சந்திக்கப் போகிறவரின் முச்சக்கரவண்டிக் கூலியை அவருடைய கைப்பணத்தில் விட்டுவிடுவது சரியல்ல. இதை உங்கள் குருவானவரிடம் பேசத் தயங்காதீர்கள். உங்களுக்காகக் கேட்கக் கூச்சமாயிருந்தால், உங்களுக்குப் பின் இப்பணிக்கு வரப்போகிறவருக்காகக் கேளுங்கள்.

வரங்களைக் கண்டறிவதற்கென்று இப்போது வினாத்தாள்கள் கொடுக்கிறார்கள். சிந்தனையைத் தூண்டும் அளவில் அவற்றுக்குப் பயன் உண்டு. ஆனால் நான் அவற்றை விடப் பயன்பெற்றவர்களின் சாட்சியை நம்புகிறேன். யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் இறந்தபோது, அவளுடைய வரம் இன்னதென்று பேதுருவுக்கு விளக்கியவர்கள் விதவைகள். அவள் செய்து தந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டி அழுதார்கள். அவள் உயிரோடு இருந்தபோதே இதை யாரும் அவளிடம் சொன்னார்களா என்று அந்த வரலாறு கூறவில்லை. நீங்கள் சந்தித்து வந்த ஒரு வீட்டில், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம், நான் வந்தது உங்களுக்கு எந்த வகையில் உதவியது என்று நேரடியாகவே கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தட்டிக்கழிக்காமல் கேட்டு, ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். அந்தப் பதிலோடு குருவானவரிடம் போய், சந்திப்புப் பணியைச் சபையின் பொறுப்பான பணியாக ஏற்படுத்தும்படியும், கணக்கு வேலையைக் கற்றுக்கொள்ள ஓர் இளையவரை உங்களோடு சேர்த்து விடும்படியும் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் வரம் என்ன என்று யாரும் கேட்டால், இரக்கமும் நிர்வாகமும் என்று பதில் சொல்லுங்கள். ரோமர் 12:8, 1 கொரிந்தியர் 12:28 என்ற இரு வசனங்களையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்களுக்கும் உதவியாக இருக்கும்.